சைலன்சருக்கு ஒரு பல் செட்

யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் போவது வாய்க்குத்தான். பல் செட் செய்கிறவளுக்கு வேறு எங்கே போகும்? ஒருவர் சிரிக்கும்போது இடது பக்கம் மட்டும் சிரித்தால், வலது பக்கம் கடைவாய்ப் பல் ஒன்று போயிருக்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள். பேச்சில் காற்று கூடுதலாக வந்தால் முன்பல் ஆடுகிறது. சாப்பிடும்போது தலையைச் சாய்த்தால் செட் சரியாக உட்காரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற ஐந்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேருடைய வாய் வரலாறு அவளுக்குத் தெரிந்துவிடும்.

எழுதுபொருள் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒற்றை அறை. அதுதான் அவளுடைய லேப். ஜன்னலோரம் நீளமான மேஜை. மேஜை நிறைய வெள்ளை மாவில் வார்த்த வாய்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு எண். மூலையில் உலோகம் உருக்குகிற சின்ன உலை. சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் அதைப் பார்த்துப் பல் செய்து, தானே வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பாள். கிளினிக்குகளில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவளைவிட மூத்த டாக்டர்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் செய்த செட்டுக்குப் பசை வேண்டாம், கொக்கி வேண்டாம். வெறும் பொருத்தத்திலேயே நிற்கும். தும்மினாலும் அசையாது. நடமாடும் சாட்சி வீட்டிலேயே இருந்தார். அம்மா பதினோரு வருடமாக அவள் செய்த செட்டைத்தான் போட்டிருந்தார். அதைக் கொண்டு ரஸ்க் கடிப்பார், நூல் முடிச்சு அவிழ்ப்பார், பக்கத்து வீட்டோடு சண்டையும் போடுவார். கோபம் வந்தால் மட்டும் செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். சமையலறை மேடையில் பல் கிடக்கிற டம்ளரைப் பார்த்தால் வீட்டில் யாரும் அன்றைக்கு அம்மாவிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வண்டி, தம்பி செய்து கொடுத்தது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன் அவன். அவள் தனியாக லேப் ஆரம்பித்த வருடம், அடிபட்டுக் கிடந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களை வாங்கி வந்து, முற்றத்தில் நான்கு மாதம் உட்கார்ந்து ஒன்றாக்கினான். எதைப் பொருத்தினாலும் அவனுக்கு ஒரு போல்ட் கூடுதலாகப் போட்டால்தான் தூக்கம் வரும். இரண்டு போல்ட் போதும் என்கிற இடத்தில் மூன்று இருக்கும். இதை வைத்து அக்காவும் தம்பியும் சண்டை போடாத வாரம் கிடையாது.

"பொருத்தம் சரியா இருந்தா போல்ட் எதுக்குடா? கைவேலை தெரியாதவனுக்குத்தான் போல்ட்டு."

"உன் வேலை வாயில உக்காந்திருக்கு, என் வேலை ரோட்டுல ஓடுதுக்கா. எதை வேணா நம்பு. ஒரு போல்ட்டைப் போட்டுட்டு நம்பு."

போன வருடம் அவன் காய்ச்சல் என்று படுத்தான். பதினோராம் நாள் அவன் இல்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அந்த வண்டியில்தான் வீடு திரும்பினாள். வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, காலடியில் இன்ஜின் அதே சீராக ஓடிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன்பிறகு வண்டியை வேறு யாரிடமும் விடவில்லை. எண்ணெய் மாற்றுவது, சங்கிலி இறுக்குவது எல்லாம் அவளே கற்றுக்கொண்டாள். ஆனால் துருவுக்கு அதெல்லாம் தெரியுமா? வண்டியோடு வந்த பழைய சைலன்சர் அடியில் அரித்து, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. கம்பெனி அந்த மாடலை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆயிற்று; அதே சைலன்சர் எங்கும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டிச் சோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சோதனையில் தோற்றால் பதினான்கு நாள் தவணை. அதற்குள் சரிசெய்து காட்டாவிட்டால் பதிவு ரத்து. பிறகு அந்த வண்டி தெருவில் இறங்கக் கூடாது.

அண்ணன் அதற்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. கண்ணாடிக் கடையில் மேலாளர். எதையும் உடையாமல் பார்த்துக்கொள்வதே தொழிலாகிப்போன மனிதர். தம்பி போனதிலிருந்து அவனைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வண்டி முற்றத்துக்குள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

"பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லிட்டேன். தோத்துச்சுன்னா அன்னிக்கே வந்து எடுத்துப்பான்," என்றார். "போதும்மா. அதை ஏன் கட்டிக்கிட்டு அழற?"

அவள் தம்பியின் அறைக்குப் போனாள். தம்பியின் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. வருடம் முழுக்க அதன்மேல் பழைய டயர்களும் ஒரு பேட்டரியும் ஏறி உட்கார்ந்திருந்தன. பெட்டியின் பக்கவாட்டில் 'அக்கா வண்டி' என்று கொட்டை எழுத்தில் அவன் எழுதிவைத்திருந்தான். அதற்குள் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். வேறொரு கம்பெனி சைலன்சர். யாரோ வாங்கிப் பூட்டாமலேயே கைமாற்றி விட்டது. பழையதைவிடப் பாதி எடை. மாட்டித் தருகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். இவள்தான், அந்த மாதிரி சைலன்சர் எல்லாம் ஊரைக் கூட்டுகிற பையன்களுக்கு, எனக்கு எதற்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தாள். அப்படியும் இரண்டு அசையவில்லை. லேப்பிலிருந்து கொண்டுவந்த சின்ன கேஸ் பர்னரால் சூடுகாட்டியதும் ஒன்று முனகிக்கொண்டு வந்தது, இன்னொன்று உடைந்து வந்தது. இன்ஜினும் குழாயும் சேருகிற இடத்தில் நசுங்கிக் கிடந்த பழைய செம்பு வளையத்தை, மெழுகுப் பல் செதுக்குகிற உளியால் துளித்துளியாகத் தோண்டி எடுத்தாள். புது வளையம் வைத்தாள். புதுக் குழாயை ஏற்றினாள். சைலன்சரைத் தாங்குகிற பின்புறத்துப் பட்டையில் போல்ட்டை முடுக்கினாள்.

வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. உலைக்குள் வைக்கிற எதன்மேலும் கைரேகை படக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் வெந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். புது சைலன்சருக்கும் அதே கதைதான். ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து முன்னிருந்து பின்னாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். பட்டைக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. கிரீஸ் படிந்து, சுழி சுழியாக, அவளுடைய விரலைவிட இரண்டு மடங்கு அகலம்.

பஞ்சைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு அந்த இடத்தைச் சுற்றிக் கவனமாகத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீடே அதிர்ந்தது. அம்மா சமையலறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். புகை அடங்கியபோது சைலன்சர் மெல்லிய பொன்னிறத்துக்கு மாறியிருந்தது. ரேகை அதில் பழுப்பாக வெந்து பதிந்துவிட்டிருந்தது.

சோதனை நிலையத்தில் இருந்த ஆய்வாளருக்கு ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் கையிலிருந்த கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். முன்வரிசை இரண்டு, செட் ஆடுகிறது என்று அவள் மனம் தானாகவே குறித்துக்கொண்டது. அவர் சத்தம் அளக்கும் கருவியைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, இன்ஜினை முடுக்கச் சொன்னார்.

"தொண்ணூத்தி ஒம்பது. வரம்பு தொண்ணூத்தி நாலு." கோப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. குனிந்து சைலன்சரின் பின்வாயில் டார்ச் அடித்தார். "உள்குழாயே இல்லையே மேடம். வெறும் தொண்டையா இருக்கு. சத்தத்துக்காக வாங்கறவங்க மொதல்ல அதைத்தான் கழட்டி எறிவாங்க."

மற்றதெல்லாம் தேறியது, சத்தத்தில் மட்டும் தோல்வி. பதினான்கு நாள் என்று காகிதத்தில் முத்திரை விழுந்தது. அன்று மாலை இரும்புக்காரர் வந்து வாசலில் நின்றார். பதினைந்தாம் நாள் வாருங்கள் என்று அவள் திருப்பி அனுப்பினாள். அம்மாவின் பல் டம்ளருக்குள் போய்விட்டது. கோபம் அண்ணன் மேலா, அவள் மேலா, இரும்புக்காரர் மேலா என்று யாருக்கும் தெரியவில்லை.

உள்குழாய் என்பது பெரிய விஷயமில்லை. ஒரு வளையம், அதிலிருந்து உள்ளே நீளுகிற ஓட்டை ஓட்டையான குழாய். சைலன்சரின் வாயில் செருகினால் சத்தம் அடங்கும். உதிரிபாகக் கடைகளில் விற்றார்கள். அவள் வாங்கிவந்தது உள்ளே போகவே இல்லை. டயரும் பேட்டரியும் ஒரு வருடம் அழுத்தியதில் வாய் லேசாக நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கடைக்காரர் சுத்தியலை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டினால் வட்டமாகிவிடும் என்றார். அவள் பதறிப்போய் வண்டியை நகர்த்திக்கொண்டாள். செட் நுழையவில்லை என்று வாயைத் தட்டுவது அவள் தொழிலில் கிடையாது.

மறுநாள் லேப்பில், கோணல்மாணலான நாற்பது வாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. இதில் எந்த வாய் வட்டமாக இருக்கிறது?

சாயங்காலம் அச்சு எடுக்கிற இளஞ்சிவப்பு மாவோடு வீட்டுக்கு வந்தாள். பிசைந்து உருட்டி சைலன்சரின் வாயில் அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லை மாட்டிக்கொண்டு அம்மா முற்றத்துக்கு வந்தார். மூன்று நாளாக மூடியிருந்த வாய்.

"என்னடி, அதுக்குமா பல்லு கட்டப் போற?"

"வாய் கோணலா இருக்கும்மா."

"மனுஷங்க வாய் மட்டும் நேராவா இருக்கு? என்னுதைப் பாத்தவதானே நீ."

நான்கு நிமிடத்தில் மாவு இறுகி, வழுக்கென்று கழன்று வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அவள் இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலைதான். அச்சுக்குள் வெள்ளை மாவு ஊற்றி வார்ப்பு எடுத்தாள். அடியில் எண் எழுதும் இடத்தில் 'அக்கா வண்டி' என்று எழுதினாள். மெழுகில் வளையம் செய்து, காரைக்குள் புதைத்து, உலையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் பல்சட்டங்களுக்கு ஊற்றுகிற உலோகத்தை ஊற்றினாள். இது நெருப்புக்கு அசையாத உலோகம். உள்ளே நீளுகிற பகுதிக்கு எவர்சில்வர் குழாய் ஒன்றை அறுத்து, பல் குடைகிற ஊசியால் தொண்ணூற்றாறு ஓட்டை போட்டாள். பதினோரு ஊசி உடைந்தது. குழாயை வளையத்தோடு பற்றவைத்தாள். பகலில் டாக்டர்களின் வேலையையும் விட முடியாது. மனிதர்களுக்குப் பல் வேண்டுமே. ஆக, பன்னிரண்டாம் நாள்தான் முடிந்தது.

செருகிப் பார்த்தாள். டக் என்று உட்கார்ந்தது. குறடு போட்டு இழுத்தாள், வரவில்லை. சைலன்சரின் வாயோரம், உள்குழாயை இறுக்குவதற்கென்று கம்பெனிக்காரன் ஒரு போல்ட் ஓட்டை விட்டிருந்தான். அவள் வளையத்தில் ஒரு சின்னக் குமிழ் வைத்து அதை உள்ளிருந்தே அடைத்துவிட்டிருந்தாள். போல்ட்டா? அவள் செய்ததற்கா?

பதிமூன்றாம் நாள் காலையில் கிளம்பினாள். வண்டி அடங்கிய குரலில் உறுமியது. கேட்கவே சுகமாக இருந்தது. நான்கு தெரு தாண்டி, சலூன் இருக்கிற சரிவில் வேகத்தைக் குறைத்தாள். டப் என்று ஒரு வெடிச்சத்தம். பின்னாலிருந்து ஏதோ பறந்துபோய், கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்த சலூன்காரரின் தகர வாளியில் ணங்கென்று விழுந்தது. தண்ணீர் சுரீரென்று கொதித்தது. வண்டியின் பழைய கர்ஜனை தெரு முழுக்க எதிரொலித்தது.

சலூன்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, வண்டி எதையோ துப்பிடுச்சு?"

அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். எங்கே பிசகினாள் என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. மனித வாயின் சூடு காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். அவள் வாழ்நாளில் செய்த எதுவும் வாய்க்குள் போனபிறகு பழுக்கக் காய்ந்ததில்லை. குளிர்ந்த சைலன்சரில் அச்சு எடுத்து, குளிர்ந்த சைலன்சருக்குப் பொருத்தினாள். சூடானதும் வாய் ஒரு அளவு விரிந்தது, வளையம் வேறொரு அளவு விரிந்தது. பிடி விட்டுப்போயிற்று. முதல்நாள் வேலைக்கு வந்த மெக்கானிக் கூடச் செய்யாத தவறு. பல் செட் செய்கிறவளால் மட்டுமே செய்ய முடிகிற தவறு.

தம்பி இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பான். சாப்பிடும்போது நினைத்து நினைத்துப் புரையேறியிருக்கும். அவளுக்கு அந்தச் சிரிப்பு அப்படியே கேட்டது. அது கேட்டதும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. தெருவோரத்தில், ஈர வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சலூன்காரர் ஒன்றும் புரியாமல் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

நேராக வீட்டுக்குப் போய் அலமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். தம்பியின் போல்ட் டப்பா. ஒரு வருடமாக யாரும் திறக்கவில்லை. திறந்ததும் எண்ணெய் வாசனையோடு அவனே வந்து நின்றதுபோல் இருந்தது. அளவு பார்த்து ஒன்றை எடுத்தாள். லேப்புக்குப் போய், அவ்வளவு பெருமையாக வைத்த குமிழைக் குடைந்து எறிந்து, அந்த இடத்தில் மரை வெட்டினாள். வளையத்தின் ஓரத்தைக் கொஞ்சம் இழைத்து, சூட்டில் விரிய இடம் விட்டாள். செருகினாள். போல்ட்டை முடுக்கினாள். சரிவுத் தெருவில் ஏழு முறை மேலும் கீழும் ஓட்டினாள். இரண்டு முறை டப் என்றது. வளையம் அசையவில்லை. ஏழாம் முறை சலூன்காரர் வாளியை உள்ளே எடுத்துவைத்துவிட்டுக் கைகாட்டினார்.

பதினான்காம் நாள். அம்மா காலையிலேயே பல்லை டம்ளரில் போட்டுவிட்டார். இந்த முறை கோபமில்லை, பயம். அண்ணன் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாசலில் நின்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆய்வாளர் கருவியை நிறுத்தினார். இன்ஜினை முடுக்கச் சொன்னார். பார்த்தார். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி முடுக்கச் சொன்னார். "தொண்ணூத்தி ஒண்ணு," என்றார். "ரெண்டு தடவையும் தொண்ணூத்தி ஒண்ணு." குறடு எடுத்து உள்குழாயை இழுத்துப் பார்த்தார். காலை ஊன்றி இழுத்தார். முட்டை வடிவ வாயில் இம்மியும் பிசகாமல் உட்கார்ந்திருந்த வளையத்தை டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி மேடம்?"

"லேப்ல நானே செஞ்சது."

"என்ன லேப்?"

"பல் லேப் சார். பல் செட் செய்யறேன்."

அவர் காகிதத்தில் முத்திரையைக் குத்தினார். தேர்ச்சி. அதை நீட்டியவர் பிடியை விடவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாயை மறைத்திருந்த கோப்பை மெதுவாக இறக்கினார்.

"எனக்குக் கட்டின செட்டு தும்மினா வந்துடுது."

"தெரியும் சார். வாயைத் திறங்க."

வரிசையில் பதினான்கு வண்டிகள் நிற்க, சத்தம் அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் ஆய்வாளர் வாயைத் திறந்தார். அவர் டார்ச்சையே வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தாள். அச்சு எடுத்தவர் அவசரப்பட்டிருக்கிறார் என்றாள். எந்த டாக்டரிடம் போய்ப் புது அச்சு எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

"எனக்கும் போல்ட் போடுவீங்களா?" என்று கேட்டார். கோப்பு கீழேயே இருந்தது.

"உங்களுக்கு வேண்டாம் சார். அவ்வளவு சூடாக மாட்டீங்க."

வீட்டு வாசலில் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். வண்டி தெருவுக்குள் வருகிறவரை அவருக்குச் சத்தமே கேட்கவில்லை. அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசுல என்ன அதுக்குள்ள கறை?"

"கறை இல்லண்ணா. அவன் கட்டைவிரல்."

அண்ணன் குந்தி உட்கார்ந்தார். சூடு ஆறாத உலோகத்துக்கு மேலே, தொடாமல், தன் கட்டைவிரலை வைத்து அளவு பார்த்தார். எழுந்து, போனை எடுத்து, இரும்புக்காரரை அழைத்தார். வேண்டாம் என்றார். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, நாளைக்கும் வேண்டாம், எப்பவும் வேண்டாம் என்று சொல்லி வைத்தார். பிறகு, பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட அந்த வண்டியில் ஏறாத மனிதர், வேட்டியை மடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

அம்மா சமையலறைக்கு ஓடினார். டம்ளரிலிருந்து செட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, மெதுவாகப் போகும்படி சொல்ல வாசலுக்கு வந்தார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். வண்டியின் சத்தத்தையும் மீறி அண்ணனின் குரல் கேட்டது. இந்த வண்டிக்குத் தம்பி முதன்முதலில் பெயின்ட் அடித்தபோது டப்பாவுக்குள் பூனை வந்து விழுந்த கதையை ஆரம்பித்திருந்தார். தெருமுனை திரும்புகிறவரை அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.